பிழைத்த சேசிஸ்

பல் டாக்டருக்கு வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாய். ஏழாவது நாள் கார். ஞாயிற்றுக்கிழமையில் பல்வலி என்று யாராவது போனில் அழுதால், இத்தனை நாள் பொறுத்த பல் திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்காதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கல்நெஞ்சக்காரர் எல்லாம் இல்லை. ஷெட்டுக்குப் போகிற அவசரம், அவ்வளவுதான்.

ஷெட் என்பது ஒரு சந்தின் கோடியில் தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு. அதற்குள் நின்றது அந்தக் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேலே கூரை இல்லாத, மூக்கு நீண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார், வெளிர்பச்சை நிறம். அதில் ஏறி உட்கார முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும், அவ்வளவு தாழ்வு. மழை வந்தால் நனைந்து, வெயிலடித்தால் காய்ந்து, இதற்கா இத்தனை பாடு என்று கேட்கிறவர்களோடு டாக்டர் வாதாடுவதில்லை. மலைப்பாதையில் ஒருமுறை கியரை மாற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும், மற்றவனுக்குச் சொன்னாலும் தெரியாது என்பது அவர் கட்சி. அவர் மனைவி அந்தக் காருக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் அவர் பழைய சட்டையை மாட்டும்போதே, சக்களத்தி வீட்டுக்கு வெறுங்கையோடயா போறீங்க என்று கேட்டு, காபியை பிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் கொடுப்பாள்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கார் டாக்டருடையதே இல்லை. அவருடைய மச்சானுடையது. அதாவது மனைவியின் அண்ணன். லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்பைத் தட்டிப் பார்த்தே வயசு சொல்லக்கூடிய மனிதர்.

ஆரம்பத்தில் கார்கள் இரண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டுமே குப்பை. ஒன்றை டாக்டர் வாங்கினார், அந்தப் பொறாமையில் இன்னொன்றை மச்சான் தேடிப்பிடித்து வாங்கினார். இரண்டையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டபிறகுதான், இரண்டிலும் இருக்கிற நல்லதையெல்லாம் பொறுக்கினால் ஒரு கார்தான் தேறும் என்று புத்தியில் உறைத்தது. சரி, அந்த ஒன்று யாருடைய கார்? இந்த மாதிரிக் காருக்கு அடையாளமே சேசிஸ்தான். என்ஜின், கதவு, சக்கரம் எல்லாவற்றையும் தாங்குகிற அடிச்சட்டம். அதில் பொறித்த எண்தான் காரின் பிறப்புச் சான்றிதழ். அதனால் இருவரும் கைமேல் கை அடித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எவன் சேசிஸ் பிழைக்கிறதோ அவன் பேரில் கார். மற்றவன் தன்னுடையதில் இருக்கிற நல்ல சாமான் அத்தனையையும் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, கார் உள்ளவரை பக்கத்து சீட் அவனுக்கு.

துரு உரிக்க மணல் அடிக்கிற பட்டறைக்கு இரண்டு சேசிஸையும் மச்சான்தான் வண்டி வைத்து எடுத்துப்போனார். திரும்பி வந்தது ஒன்று. கறுப்புப் பெயிண்ட் அடித்து, பளபளவென்று. உன்னுது மணல் பட்டதும் பொலபொலன்னு உதிர்ந்துபோச்சு மாப்ள, பழைய இரும்புக்குப் போட்டுட்டேன், மனசைத் தேத்திக்கோ என்றார். டாக்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, போனது இரும்புதானே, விடுங்க என்றாள். விட்டார். தன் என்ஜினையும், கியர் பெட்டியையும், இரண்டு கதவுகளையும், அந்த அழகான டயல்களையும் தானே துடைத்துத் தானே பூட்டினார். ஏழு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றினார். குறை ஒன்றும் இல்லை என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

இப்போது மச்சானுக்கு வேலை ஓய்வு. மகள் இருக்கிற தூரத்து ஊருக்கே குடிபோகிறார், காரோடு. அடுத்த ஞாயிறு காலையில் ரோடு வழியாகவே ஓட்டிப்போவதாகத் திட்டம். அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து டாக்டருக்கு ஷெட்டை விட்டு வீடு திரும்ப மனசே வரவில்லை. ஆனால் வாய் திறக்க வழி ஏது? சட்டப்படியும் மச்சான் கார், பேச்சுப்படியும் மச்சான் கார். போகிற கார் வழியில் படுத்துவிடக் கூடாது என்று, அதற்கு முந்தின ஞாயிறு ஷெட்டுக்குத் தனியாக வந்து அடியில் படுத்தார்.

பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிற இடத்தில் கொஞ்ச நாளாக ஒரு சத்தம். விரிசலாக இருக்குமோ என்று சந்தேகம். பெட்ரோல் டாங்குக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடுக்கு அது. டாக்டர் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சின்ன வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். சட்டத்தில் ஒரு இடம் கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. சொத்தையைக் கிளறுகிற கம்பியால் மேல் பெயிண்டைச் சுரண்டினார். துருவின் செம்மண் நிறம் வரும் என்று எதிர்பார்த்தால், வெள்ளை வெளேரென்று எவர்சில்வர் மின்னியது. ஓரத்தில் ஒரு வளைந்த விளிம்பு.

அவருக்குக் கை நின்றுவிட்டது. அந்த விளிம்பை அவர் தினமும் பார்க்கிறார். பிடுங்கிய பல்லைப் போடுகிற வளைந்த தட்டின் விளிம்பு அது.

வெல்டிங் பழக ஆரம்பித்த புதிதில், யாரும் இல்லாத ஒரு மத்தியானம், தன் சேசிஸில் கை வைத்துப் பெரிய ஓட்டையாகப் பொசுக்கிவிட்டிருந்தார். மச்சானுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் ஓட்டுவாரே என்ற வெட்கத்தில், கிளினிக்கில் ஒரு பழைய தட்டை வெட்டி எடுத்துவந்து அந்த ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் பூசி மறைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. மணல் அடித்தபோது கண்ணில் பட்டிருந்தாலும், முன்பு வைத்திருந்தவன் எவனோ ஒட்டிய ஒட்டு என்று மச்சான் நினைத்திருப்பார். உதிர்ந்துபோன சேசிஸில் இருக்க வேண்டிய ஒட்டை, பிழைத்த சேசிஸில் டாக்டர் எதற்குத் தேடப்போகிறார்?

அப்படியே மல்லாந்து கிடந்தார். சட்டம் தன்னுடையது. அதன் மேல் இருக்கிற என்ஜினும் கதவும் தன்னுடையவை. மச்சானுடையது என்று இதில் பெரிதாக இருப்பது ஒரு எண்தான். அவருக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை; அவமானம். ஏழு வருஷம் தன் காரிலேயே விருந்தாளி மாதிரி ஒதுங்கி உட்கார்ந்து, எப்பவாவது ஓட்டக் கொடுத்தபோது நன்றி வேறு சொல்லியிருக்கிறார்.

சாமான் கட்டப் புது பெல்ட் வாங்கிக்கொண்டு மச்சான் வந்தார். டாக்டர் அடியிலிருந்து நகர்ந்து வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு மணல் பட்டறையில உதிர்ந்தது யாரு சேசிஸ் மச்சான்?" என்று கேட்டார்.

உன்னுதுதான், எத்தனை தடவைதான் அதையே நினைச்சு வருத்தப்படுவ என்று மச்சான் சிரித்தார். டாக்டர் கண்ணாடியையும் டார்ச்சையும் நீட்டினார். மச்சான் மூட்டுவலியோடு முனகிக்கொண்டே படுத்துப் பார்த்தார். என்ன ஒட்டு இது என்றார். என் கிளினிக் தட்டு என்றார் டாக்டர். மச்சான் கண்ணாடியை இன்னொரு தரம் உள்ளே விட்டுப் பார்த்தார்.

வெளியே வந்தபிறகு பேச்சு எல்லாமாகச் சேர்ந்து வந்தது. அந்த வருஷம்தான் மச்சானின் மனைவி இனி உன்னோடு ஆகாது என்று போயிருந்தாள்; கம்பெனியிலும் அவரை மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். பட்டறையில் தன் சேசிஸ் கண்ணெதிரே உதிர்ந்தபோது, இதுவும் போச்சா என்று ஆகிவிட்டதாம். பட்டறைக்காரனிடம் தேய்க்கிற கிரைண்டரை வாங்கி டாக்டரின் எண்ணைத் தேய்த்தெடுத்துவிட்டுத் தன் எண்ணை அடித்துவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் பத்துத் தடவை வண்டியைத் திருப்ப நினைத்தாராம். நினைத்தாராம்!

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார் டாக்டர்.

"தெரியும் மாப்ள. அப்புறம் ஆயுசுக்கும் உன் தயவுல ஓட்டணும். அதான் கேக்கல."

டாக்டருக்கு அந்தப் பதில் சரியாகத்தான் பட்டது, அதனாலேயே பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நீங்க என்று கூப்பிட்ட மனிதரைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார். மச்சான் கைகளைத் துணியில் துடைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தங்கச்சிகிட்ட அன்னைக்கே சொல்லி அழுதேன். அவதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னா."

வீட்டில் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, அண்ணன் சொல்லிட்டானா என்று கேட்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஏன் என்ற ஒரு சொல்தான்.

"அவன் அப்ப இருந்த இருப்புக்கு, அதுவும் இல்லேன்னா எதாவது பண்ணிக்குவானோன்னு பயந்தேன். அவனுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. உங்களுக்கு கிளினிக் இருக்கு, நான் இருக்கேன். நீங்க தாங்கிக்குவீங்கன்னு தெரியும்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் டாக்டரின் மனம் வேறெங்கோ போயிருந்தது. அன்றைக்கு முதுகைத் தடவிக்கொடுத்த கை இதுதான். போனது இரும்புதானே என்று சொன்ன வாய் இதுதான். போகவே இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். மச்சான் செய்தது திருட்டு. திருடனைத் திட்டலாம், ஊரைக் கூட்டலாம். ஆறுதல் சொன்னவளை என்ன செய்வது? இத்தனை வருஷத்தில் அவளோடு மனஸ்தாபம் வந்தால் மச்சானிடம் சொல்லி ஆற்றிக்கொள்வார், மச்சானோடு வந்தால் அவளிடம். இப்போது போய்ச் சொல்ல ஆளில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் கிளினிக் முடிந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனார். ஸ்பிரிங் பட்டையை இறக்கித் சத்தம் போட்ட, தேய்ந்த ரப்பர் புஷ்ஷை மாற்றினார். பிரேக்கைச் சரிபார்த்தார், ஆயிலை மாற்றினார். வீட்டில் உப்பு போதுமா, விளக்கை அணைக்கவா என்கிற அளவுக்குப் பேச்சு. பயலுக்கு என்ன திட்டமோ என்று மச்சானும், இவர் மனசில் என்னவோ என்று அவளும் கலங்கிக்கிடந்தார்கள். கிடக்கட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

ஞாயிறு காலை அண்ணனும் தங்கையுமாக வந்து சேர்ந்தார்கள். மச்சான் சாவியை நீட்டினார். நான் ரயில்ல போய்க்கிறேன், பேர் மாத்தக் கையெழுத்து எங்க வேணும்னாலும் போடறேன், இது உன் கார் மாப்ள என்றார். சொன்னது பொய்யில்லை. கையை நீட்டி வாங்கியிருந்தால் கார் அவருடையதுதான்.

டாக்டர் வாங்கவில்லை. டயரில் காற்றெல்லாம் பார்த்தாச்சு, ஏற்றத்தில் ரொம்ப இழுக்காதீங்க, சூடாகும் என்றார். திட்டுகிற உரிமைகூட இல்லாமல், அந்நியரிடம் காட்டுகிற மரியாதையாக அந்த ‘ங்க’ திரும்பி வந்ததும் மச்சானின் முகம் செத்துப்போயிற்று. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, டாக்டர் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் மச்சான் இறங்கி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். கார் சந்தைத் தாண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறுகிற சத்தம் கேட்டது. நல்ல சுத்தமான மாற்றம். அந்தக் கியர் பெட்டியை அவர்தான் மூன்று முறை பிரித்துக் கோத்திருந்தார்.

ஷெட் வெறிச்சென்று இருந்தது. அவள் பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி அவர் கையைத் தொட்டாள். உங்களுக்குப் பெரிய மனசுங்க, இப்படித் தூக்கிக் குடுக்க யாருக்கு வரும் என்றாள்.

அவர் கையை உதறவில்லை. தரையில் கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்குவதற்காக மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"நீதான் அப்பவே குடுத்துட்டியே. நான் என்னத்தைக் குடுக்கறது?"