பக்கத்துக் கட்டங்கள்

சாராவை அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

வேலூரில் அவள் கணிதம் படித்த கல்லூரிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழைய பேராசிரியர் சிங்கராயர் தனக்கு ஓர் உதவியாளர் வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணல். புருஷன் தேவநேசனிடம் கேட்டாள்.

"எனக்கு இன்னா? அம்மா சரின்னா போ" என்றான்.

மாமியாரிடம் கேட்டாள்.

"அவன் இன்னா சொல்றான்னு பாரு. அக்கம்பக்கத்துல ஒரு பேச்சு வந்தா என்னால தாங்க முடியாது" என்றாள் மாமியார்.

ஆரணியில் பட்டுத்தறிகள் ஓடும் தெரு அது. தேவநேசனின் தறிகளுக்குப் புடவைக்கரை டிசைனைக் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது சாராதான். மீந்த தாள்களில் சிங்கராயர் சொல்லிக்கொடுத்ததை வரைவாள். முதல் வரிசையில் ஒரே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். அடுத்த வரிசையில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு நேர்மேலே இருப்பதையும், அதன் இரு பக்கத்துக் கட்டங்களையும் பார்த்து, தான் கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்யும். எல்லாக் கட்டத்துக்கும் விதி ஒன்றுதான். முழுத் தாளையும் பார்க்கிற கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இறங்க இறங்க முக்கோணத்துக்குள் முக்கோணமாக உருவங்கள் விரியும். விதியை மாற்றினால், எந்த ஒழுங்குக்கும் அடங்காத கொந்தளிப்பு வரும். காட்டுத்தீ பரவுவதையும் காலரா ஊருக்குள் நகர்வதையும் இப்படிக் கட்டங்களாக்கிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்பார் சிங்கராயர். அதற்குத்தான் ஆள் தேடினார்.

அன்றும் அப்படி நிரப்பிக்கொண்டிருந்தவளின் பென்சில் நின்றது. தேவநேசன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா மகனையும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையையும் பார்க்கிறாள். பாஞ்சாலை எதிர்வீட்டுத் தனக்கோடியைப் பார்க்கிறாள். பதில் ஒருவரிடமும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட ஒரு முகம் இல்லாத வீடு.

அப்படியானால் கேட்கக் கூடாது. ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிவிட வேண்டும்.

பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நான் வேலூர் போறேன். அத்தையே போகச் சொல்லிட்டாங்க."

"வேலூருக்கா? இன்னா விஷயமா?"

"அங்க கம்ப்யூட்டர் வந்திருக்குதுக்கா. அதுக்காகத்தான்..."

"தே, எங்கிட்ட எதுக்கு இழுத்துகினு? புரிஞ்சுபோச்சு, போ" என்று கண்ணைச் சிமிட்டினாள் பாஞ்சாலை.

என்ன புரிந்தது என்று சாரா கேட்கவில்லை. செய்தி நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

நகர்ந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மாமியார் கண் கலங்கி உள்ளே வந்தாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி வெக்கம்? கொழாயடியில பாஞ்சாலை சொல்றா. தனக்கோடி வந்து, நல்ல மனசு உனக்கு, மருமவள அனுப்புறியேன்றா. கல்யாணமாகி இத்தினி வருஷம், நானே கேக்கணும்னுதான் இருந்தேன். பெரியாஸ்பத்திரியில அந்தப் புது மிஷின் வந்துகீதாமே, கம்ப்யூட்டரு? வயித்துக்குள்ள இருக்கிறதெல்லாம் தெரியுமாம்."

பிள்ளையில்லாத பெண் வேலூருக்குப் போகிறாள் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான். அந்தத் தெருவுக்கு வேறு காரணம் தெரியாது. முதல் கட்டம் மட்டுமே அவள் கையில் இருந்தது. விதி தெருவினுடையது.

"இல்ல அத்தை..." என்று தொடங்குவதற்குள் மாமியார் அவள் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜெபத்தின் நடுவில் எப்படிப் பேசுவது? கடைசியில் சாராவும் ஆமென் சொன்னாள்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் மாமியார், இந்தப் பக்கம் தேவநேசன், நடுவில் அவள். குரலைத் தாழ்த்தி அவனிடம் உண்மையைச் சொன்னாள்.

"இப்ப போய் பேஜார் பண்ணாத சாரா. அம்மா எவ்ளோ சந்தோஷமா வராங்க பாரு. ஜல்தியா டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் போலாம்."

அப்புறம் என்றால் நேரம் தாண்டிவிடும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் அவளைத் திடுக்கிட வைத்தது வேறு. உள்ளே மெல்ல ஒரு நிம்மதி பரவியது. இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்லிவிட்டால் நடுவில் இருப்பவள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் ஆசைகூடத் தன்னுடையதுதானா, சிங்கராயரின் முகத்தைப் பார்த்து வந்ததா? தெரியவில்லை. அந்த நிம்மதியை நினைத்து வழியெல்லாம் கூசினாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அதே வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். கடிகாரத்தில் பத்தரை ஆகியிருந்தது.

"சாரா தேவநேசன்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

சாரா பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினாள். மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் தேவநேசனும் அவளையே. அவள் எழுந்தால் எழலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

இதை அவள் கணக்கில் எடுத்ததே இல்லை. அவள் அவர்களைப் பார்த்த அத்தனை நாளும் அவர்களும் அவளைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவள் அசையாதபோதெல்லாம் அவர்களும் அசையவில்லை.

"நான் உள்ள வரல அத்தை. இங்க காலேஜ்ல ஒரு வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தேன். பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்."

மாமியார் அழவில்லை. நிஜமான குழப்பத்தோடு கேட்டாள்: "அப்ப, தெருவுல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். தேவநேசன் பாதி எழுந்து, அம்மாவைப் பார்த்து, அவளைப் பார்த்து, முழுதாக நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றான். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்க்க அவள் நிற்கவில்லை.

தாழ்வாரம் முழுக்க இரண்டு ஓரமும் ஜனம். வாசலைத் தாண்டும்வரை யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைப் பின்னால் வைத்தபடியே நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது.