ஐப்பசி மழையில் எட்டுப் பெட்டிகள்

என் மகன் சகாயராஜ் சார்ஜாவுக்குப் போகும்போது தென்னந்தோப்பில் எட்டுத் தேனீப் பெட்டிகளை விட்டுப் போனான். மழைக்காலத்தை அவை தாண்டிவிட்டால் தை மாதத்தில் இருபதாகப் பெருக்கலாம், பிறகு விசாவைப் புதுப்பிக்காமல் ஊரோடு வந்துவிடுகிறேன் என்று மனைவி ஜூலியட்டிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்கை நம்பித்தான் அவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. எங்கு பார்த்தாலும் நெல், பூ இல்லை. ஈக்களுக்குத் தீனியாகப் பாகு காய்ச்சி வைக்க ஜூலியட் பத்துக் கிலோ வெள்ளைச் சர்க்கரை கேட்டாள். கடைக்கு நானும் போயிருந்தேன்.

"என்னங்கய்யா, வீட்டுல விசேஷமா?" என்றார் கடைக்காரர் லியாகத் அலி.

"தேனீக்குங்க பாய்," என்றாள் ஜூலியட்.

"அடடே! தேன் பூவுல இருந்து வருதுன்னுல்ல நெனச்சேன். நம்ம மூட்டையில இருந்துதான் வருதா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். இருமல் மருந்து குழைக்க எங்கள் வீட்டுத் தேனை வாங்கிப் போகிறவர்கள் அவர்கள். தேனில் சர்க்கரை கலக்கிறோம் என்று பேச்சு கிளம்பிவிடுமே என்று, சர்க்கரையை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

"மாமா, இது தேன் எடுக்கறதுக்கு இல்ல. மழை விடுற வரைக்கும் அதுங்க உசுரப் பிடிச்சு வைக்க. அவங்க சர்க்கரைன்னுதான் எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க."

"வெல்லத்தைக் காய்ச்சி வை. மனுசனுக்கே ஆகாத வெள்ளைச் சர்க்கரை ஈக்கு மட்டும் ஆகுமா?"

என் பேச்சை அவள் தட்டியதில்லை. வெல்லப் பாகு வைத்தாள்.

பத்து நாள் மழை விடவில்லை. பதினோராம் நாள் பெட்டிகளின் வாசலெல்லாம் ஈக்களின் எச்சம் பழுப்பாக வழிந்திருந்தது. வயிறு உப்பிய ஈக்கள் பறக்க முடியாமல் ஈரத்தில் ஊர்ந்தன. ஜூலியட் தகவல் அனுப்பி, பெட்டி கொடுத்த இளையபெருமாளைக் கீழ்வேளூரிலிருந்து வரவழைத்தாள். அவர் ஒரு மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"வெல்லமா? யாரு வச்சது?"

"நான்தாங்க," என்றாள் ஜூலியட், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏம்மா, நமக்குச் சத்துன்னா அதுக்கும் சத்தா? வெல்லத்துல இருக்கற அழுக்கும் உப்பும் அதுக்குச் செரிக்காது. வெயில் அடிச்சா வெளிய பறந்து கழிச்சுட்டு வரும். இந்த மழையில எங்க போகும்? வெள்ளைச் சர்க்கரைன்னா வயித்துல ஒண்ணும் தங்காது. படிச்ச பொண்ணு, இது தெரிய வேணாமா?"

அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்நிய மனிதர் முன் நான் வாய் திறக்கவில்லை.

அவர் போனதும் குடையை எடுத்துக்கொண்டு லியாகத் அலி கடைக்குப் போனேன். பத்துக் கிலோ வெள்ளைச் சர்க்கரை நிறுக்கச் சொன்னேன். நானே பாகு காய்ச்சி, ஆறவைத்து, எட்டுப் பெட்டிக்கும் வைத்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. தினமும் காலையில் மூடியைத் திறப்பேன், ஈக்கள் குறைந்திருக்கும். என்னால் ஆனது மறுபடி மூடுவது ஒன்றுதான். கார்த்திகை முடிவதற்குள் எட்டும் காலி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜூலியட் தொலைபேசிக் கடையில் சகாயராஜோடு பேசினாள். நான் அருகில் நின்றேன்.

"எட்டும் போச்சுங்க. நான்தான் தெரியாம வெல்லம்..."

ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"வெல்லம் வைக்கச் சொன்னது நான்தான்டா."

 

"சரிப்பா, விடுங்க," என்றான். "விசாவைப் புதுப்பிச்சுக்கறேன். ரெண்டு வருசம்தானே. அவகிட்ட கொடுங்க."

கொடுத்தேன். ஜூலியட் ரிசீவரைக் காதில் வைத்து, "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.