மூடியில் வியர்த்த எழுத்து

ஜப்பானில் சாமுராய் வீரர்கள் வாள் கட்டத் தடை வந்த மறுவருஷம், கனசாவா ஊரில் மிசாவா கென்பெய் வீட்டுப் பெட்டி மூடியில் எழுதியிருந்த ‘ட்சுபா’ என்று படிக்கும் ஒற்றைச் சித்திர எழுத்து வியர்க்கத் தொடங்கியது. வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் இரும்பு வட்டுதான் ட்சுபா. வட்டு எப்போதோ கைமாறிப்போய்விட்டது. மிஞ்சியது காலிப் பெட்டியும் மூடியில் அந்த மையெழுத்தும்தான். பல தலைமுறையாக வாள் பிடித்த ஆண்களின் உள்ளங்கைப் பிசுக்கெல்லாம், கெட்டுப்போன மீன் ஊறல் நாற்றத்தோடு அதிலிருந்து கசிந்தது.

கென்பெய்க்கு ஒரே பூரிப்பு. மூச்சுக்காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்ற பழைய வழக்கப்படி, சாயங்காலந்தோறும் மடித்த காகிதத்தை வாயில் கவ்விக்கொண்டு எழுத்தை விரலால் துடைப்பார். எச்சில் ஊறிய காகிதத்தைச் சோற்று வாளியின் மேல் வைத்துவிட்டு, அதே விரலால் முள்ளங்கி ஊறுகாயை எடுப்பார். அவர் மனைவி ஷிகேவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்தாள். குமட்டுவது நாற்றமா, கணவரா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததும் கேட்பதை விட்டுவிட்டாள்.

“எரிச்சிடுங்கக்கா,” என்றாள் பக்கத்து வீட்டு கிக்குயோ, மூக்கைப் பொத்தியபடி. “எங்க வீட்டுக்காரரு வாளால மீன் அறுக்கிறாரு. நாறினாலும் மீன் நாத்தந்தான்!”

“எரிச்சா சாம்பலும் வேர்க்கும்டி.”

வருஷக் கடைசியில், ஒட்டடை அடிக்கும் நாளன்று, ஷிகே மூடியைக் குளியல் தொட்டியின் வெந்நீரில் ஊறப்போட்டாள். எழுத்து சோயாப்பால் ஏடுபோல முழுசாகக் கழன்று மிதந்தது. தொடக் கூசி இடுக்கி எடுக்கப் போனாள். அதற்குள் கென்பெய் வந்து, குடும்பத்தலைவர் முதலில் குளிக்கும் முறைப்படி, தொட்டிக்குள் இறங்கிவிட்டார். எழுந்தபோது எழுத்து அவர் கழுத்தில் ஒட்டியிருந்தது. அங்கேயும் வியர்த்தது.

“எப்படி இருக்கு?” என்று கழுத்தை நிமிர்த்திக் காட்டினார்.

“உங்களுக்குன்னே எழுதினாப்ல இருக்குங்க.”

அவருக்குப் பின் அதே நீரில் மனைவி குளிக்க வேண்டும். ஷிகே தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, தனக்கென்று புதுத் தண்ணீர் காயவைத்தாள்.

“இனி நீங்க முன்னறையில சாப்பிடுங்க. நான் அடுக்களையில சாப்பிட்டுக்கறேன்.”

“ஏன்?”

“நாறுதுங்க.”

அவர் இழுத்து மோந்து பார்த்தார். “எனக்கொண்ணும் தெரியலையே.”

“தெரியாதுங்க.”

பழைய வீரர்கள் வந்து அந்தக் கழுத்துக்குத் தலைவணங்கிப் போனார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே கசிந்தது. ஷிகே கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சுடுசோறு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.