அய்யாவு வரிசை

சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக் கருவாட்டுக் கொட்டகையில் பத்து வருஷமாக மீன் அறுத்து உப்புத் தடவி வந்தவள் மாரியாயி. அந்த ஜப்பான்காரன் துடுப்பைச் சுழற்றியதைப் பார்த்த அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை.

ஜப்பான்காரன் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவன் தன் தீவின் பேரைச் சொல்வான், ஒக்கினாவா என்று. அவன் பேர் தமாகி. படகின் இஞ்சின் கெட்டுப்போய் மூன்று வாரமாகக் கரையில் கிடந்தான். விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் வந்து துடுப்பை எடுத்துக்கொண்டு, எதிரே யாரோ நிற்பதுபோல அடிப்பான், தடுப்பான், திரும்புவான்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்ற சந்தைப் பேச்சுதான். “இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“என் மாமா. ஆனா இந்த அடி வரிசையைக் கட்டினது ஒரு பழைய மீன்காரன். அவன் பேருதான் வரிசைக்கும். எங்க ஊர்ல அப்படித்தான். வெறுங்கையால போடறதை ‘தீ’ன்னு சொல்லுவோம், கைன்னு அர்த்தம்.”

“தீயா?” என்று அவள் சிரித்துவிட்டாள்.

“அது சீனாவுலேர்ந்து வந்த கை. சீனக்கைன்னுதான் எங்க பெரியவங்க சொன்னாங்க. இப்ப டோக்கியோக்காரனுக்கு அந்தப் பேரு புடிக்கல. வெறுங்கைன்னு மாத்திட்டான். கராத்தே, வெறுங்கை!” தமாகி தரையில் துப்பினான்.

மாரியாயி மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பன் கற்றுத்தந்த சிலம்பத்தின் பதினெட்டு அடியையும் போட்டுக் காட்டினாள். அவள் அப்பன் அய்யாவு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் பின்சந்துகளில் கக்கூஸ் வாளி சுமந்தவர். மத்தியானம் குளித்துவிட்டு வந்தால்தான் கம்பைத் தொடுவார். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

தமாகி ஏழாவது அடியை மறுபடி போடச் சொன்னான். அந்த அடியில் வலது தோள் சட்டென்று சாயும், கழி முதுகுப்பக்கமாக வழுக்கி மறுகைக்கு வரும்.

“உங்கப்பா தோள்ல என்ன தூக்கினாரு?”

“வாளி,” என்றாள் மாரியாயி. “ரெண்டு பக்கமும் வாளி தொங்கற காவுதடி.”

தமாகி தலையாட்டினான். “அப்ப இது உங்கப்பா கட்டினது. அய்யாவு வரிசை.”

கொட்டகையில் வேலை செய்தவர்களில் நாலு பேர் இதைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி மண்டோர் வேலாயுதத்தின் காதுக்குப் போய்விட்டது.

வேலாயுதம் துறைமுகத்தில் நூறு கூலிகளுக்கு மேலாள். கிள்ளானில் சிலம்பக் களம் வைத்திருந்தார். தஞ்சாவூர் அரண்மனைக் காவலர் வழியில் வந்த பதினெட்டு அடி என்று சொல்லித்தான் சீடர்களைச் சேர்த்தார். வாளிக்காரன் மகள் அதே பதினெட்டையும் அடி பிசகாமல் போட்டாள் என்றதும் சீடர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் அவரே கொட்டகைக்கு வந்தார். நாற்றத்துக்கு மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

“தங்கச்சி, நம்ம அய்யாவு வாத்தியாரு பேரை இத்தன நாளா நான் வாயத் தொறந்து சொல்லல. தப்புதான். ஞாயித்துக்கெழம களத்துக்கு வா. எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன்.”

“நெசமாவா அண்ணே?”

“சின்னையாவும் வருவான். ரெண்டு பேருந்தானே உங்கப்பங்கிட்ட கம்பு கத்துக்கிட்டு நின்னோம்.”

அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? வேலாயுதமும் சின்னையாவும் பின்சந்தில் அப்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்தவள் அவள். அப்பனின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் சின்னையா. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

களத்தைச் சுற்றி இருநூறு பேர் இருந்தார்கள். வேலாயுதம் அவளை நடுவில் நிறுத்தி, கையில் கம்பைக் கொடுத்து, போடச் சொன்னார். போட்டு முடித்ததும் கூட்டத்தைப் பார்த்தார்.

“பாத்தீங்களா? வேலிக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கா. அப்பன் பீவாளி தூக்குனான், மக வித்தையத் திருடுனா.”

மாரியாயி அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணே, என்ன சொல்றீங்க? ஏழாவது அடியில தோள் எதுக்குச் சாயுது, சொல்லுங்க!”

“ராஜாவுக்குக் குடை புடிச்ச தோளு.”

“வாளி தூக்குன தோளுண்ணே அது! எங்கப்பன் தோளு!”

சீடர்களில் சிலர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு, தீட்டுப் பட்டதுபோல உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்கள். அதைக் கண்டதும் வேலாயுதத்தின் முகம் கறுத்தது.

“சின்னையா, நீ சொல்லு. நாம இவங்கப்பன்கிட்ட எப்பவாச்சும் நின்னமா?”

சின்னையா வேலாயுதத்தின் கீழ் மூட்டை தூக்குகிறவன். அவன் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் கூட்டத்தில்தான் இருந்தார்கள். மாரியாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லிங்க,” என்றான் சின்னையா.

வேலாயுதம் இரண்டு சீடர்களை விட்டு அவள் வலது கையைப் பலகைமேல் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். “திருடினேன்னு சொல்லு. விட்டுடறேன்.” அவள் சொல்லவில்லை. ஒரே அடி. மணிக்கட்டு முறிந்த சத்தம் வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. கம்பை மறுபடி ஓங்கியபோது சொல்லிவிட்டாள். கேட்கவில்லை என்றார். உரக்கச் சொன்னாள். மூன்றாம் தரம், அப்பன் பேரையும் சேர்த்துச் சொல்ல வைத்தார்: “அய்யாவு மக, திருடி.” யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது.

மறுநாள் மத்தியானம் சின்னையா மூங்கில் சிம்பும் எண்ணெயும் துணியுமாக அவள் வீட்டுக்கு வந்தான். எலும்பு கட்டுவதில் கெட்டிக்காரன், அதுவும் அய்யாவு கற்றுக்கொடுத்ததுதான். கை வீங்கிக் கறுத்துக் கிடந்தது. அவன் எதிரில் குந்தி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினான்.

“புள்ளைங்க இருக்கு மாரி. வேலைய விட்டுத் தூக்கிட்டா நான் எங்க போவேன்?”

“அது கெடக்கட்டும். இந்தக் கட்டு யாருகிட்டக் கத்துக்கிட்ட? அத மட்டும் சொல்லிட்டுத் தொடு. இங்க உன்னையும் என்னையும் தவிர யாரு இருக்கா?”

சின்னையா வாயைத் திறந்தான். அவன் கண் வாசற்பக்கம் போனது. வாசலில் ஒருத்தரும் இல்லை. இருந்தும் அவனுக்குப் பேர் வரவில்லை.

மாரியாயி கையை இழுத்துக்கொண்டாள். இழுத்த வலியில் உதட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. “போ,” என்றாள்.

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எட்டு நாள் ஆகிவிட்டது, எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கியிருந்தது. தமாகியின் படகு அதற்கு முன்பே இஞ்சின் சரியாகிப் புறப்பட்டுப் போயிருந்தது.