ரசீது இல்லாத சங்கிலி

முனியராஜ் துபாயிலிருந்து வந்த நாள் முதல் மாரிசெல்வி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்கப் போய்விடுவாள்.

அவனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தன் தாலிச் சங்கிலியை விற்றவள் அவள். அன்றிலிருந்து தாலி மஞ்சள் கயிற்றில்தான் தொங்கியது. ஐந்து பவுனில் புதுச் சங்கிலி வாங்கிவிட்டதாக அவன் போனில் சொன்னதும், வேனில் வரும் அத்தனை பெண்களிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். போட்டோ அனுப்பச் சொன்னதற்கு, "நேர்ல பாரு புள்ள" என்றான். வந்தவன் வெறுங்கையோடு நின்றான்.

"ஏர்போர்ட்ல சுங்க ஆபீசர் வாங்கி வச்சுக்கிட்டாரு."

"ரசீது எங்க?"

"தரல. நானும் கேக்கல."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சங்கிலியுமில்லை, ஒன்றுமில்லை, சம்பாதித்ததை அங்கேயே தொலைத்துவிட்டு வந்து கதை விடுகிறான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. தெருவுக்கு என்ன, பேசிவிட்டுப் போய்விடும். மாரிசெல்வியால்தான் அப்படி விட்டுவிட முடியவில்லை. பவுன் போனதைவிட, கட்டிய புருஷன் தன்னிடமே பொய் சொல்கிறானோ என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

கடைசியில் அடுத்த தெரு ஜெமிமாவிடம் போய் அழுதாள். மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஜெமிமா லீவுக்கு வந்திருந்தாள். அவள் முனியராஜையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னாள்.

"வரி கட்டுறவுக போற செவப்புப் பாதையிலதான்க்கா போனேன். சங்கிலி இருக்கு, வரி எம்புட்டுன்னு நானேதான் கேட்டேன். கையில அம்புட்டு ரூவா இல்ல. கழட்டிக் குடுன்னாரு, குடுத்தேன். ஒரு தாள நீட்டினாரு, கையெழுத்துப் போட்டேன். பொறவு வந்து வாங்கிக்கோன்னாரு."

"ரசீது கேக்கணும்னு தோணலையா?"

"துபாய்க்குப் போறதுக்கு முந்தி, பட்டாசுக் கம்பெனி வாசல்ல போனு, பீடி, தீப்பெட்டி எல்லாத்தையும் வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுத்தானக்கா உள்ள போவோம்? சாயங்காலம் தந்துருவாரு. எவன் ரசீது கேட்டான்? அதே மாதிரின்னு நெனச்சேன்."

மாரிசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காலையில்கூட அவள் தன் போனை அப்படித்தான் கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். கதை கட்டுகிறவனுக்கு இப்படியொரு கிறுக்குத்தனம் தோன்றவே தோன்றாது. இது இந்த மனுஷன் செய்கிற காரியமேதான்.

"மறைக்காமச் சொன்ன பொருள எடுத்து வச்சா ரசீது குடுக்கணும்" என்றாள் ஜெமிமா. "பறிமுதல் பண்றதுன்னா நோட்டீஸ் குடுத்து நம்ம பக்கத்தையும் விசாரிக்கணும். மாரி, நீயும் கூடப் போ."

இருவரும் போனார்கள். சுங்க அலுவலகத்தில் இருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம்னு இவரே கையெழுத்துப் போட்டிருக்காரே."

"அத அவருக்குப் படிச்சுக் காட்டினீகளா சார்?" மாரிசெல்வி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "அவரு கழட்டித்தான் குடுத்தாரு. வேண்டாம்னு விட்டுட்டுப் போகல. ரசீது குடுங்க, விசாரணைக்கு நாள் குடுங்க."

அதிகாரி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. முனியராஜ் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "அப்படி ஒரு பொருளே இங்கன இல்லேன்னு சொல்லிட்டா என்ன புள்ள செய்ய?"

"இல்லேன்னா அவுகதான் பதில் சொல்லணும். நீங்க எதுக்குச் சொல்லணும்?"

ஊருக்கு வந்ததிலிருந்து அவன் கேட்கத் தவித்த வார்த்தை அது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவள் தடுக்கவில்லை.

அதிகாரி முத்திரை வைத்த பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தார். மேலே முனியராஜின் பெயர் இருந்தது. "இன்னைக்குத் தர முடியாதும்மா. ரசீது எழுதித் தர்றேன். விசாரணைக்கு அடுத்த மாசம் ரெண்டு பேரும் வாங்க. தானே முன்வந்து சொன்னாருங்கறத மனுவுல எழுதுங்க. வரி கட்டி எடுத்துக்கிடச் சொல்லி உத்தரவு வரலாம்" என்றவர், உறையை மேஜையில் வைத்தார். "பாத்துச் சொல்லுங்க, இதுதானே உங்க சங்கிலி?"

முனியராஜ் இன்னும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதேதான் சார்" என்றாள், அந்தச் சங்கிலியை அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத மாரிசெல்வி.