கொமிசாருக்குக் குரல் கொடுத்தவன்

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரியில், ஹம்பேர்க்குக்கு வெளியே இருந்த அந்த அகதி விடுதியில் ஞாயிறு மத்தியானம் என்றால் தொலைக்காட்சியில் இத்தாலிப் படம்தான். எல்லாம் ஒரே கதை. பொலிஸ் கொமிசார் கள்ளனைப் பிடிப்பான், நீதவான் விட்டுவிடுவார், கொமிசார் அடையாள அட்டையை மேசையில் எறிந்துவிட்டுத் தானே போய்ச் சுடுவான். இத்தாலிக்காரன் வாயசைக்க ஜெர்மன் குரல் வரும். அதைத் தமிழில் சொல்வது ரகுநாதன்.

கொழும்பில் இரண்டு வருஷம் ஜெர்மன் படித்ததாக வந்த அன்றே அளந்துவிட்டிருந்தான். உண்மையில் போனது மூன்று கிழமை. முதல் படத்தில் வியர்த்துக் கொட்டியது. பிறகு, கதை கட்டிவிடுவது சுகம் என்று கண்டுகொண்டான். சாகப்போகிறவன் மண்டியிட்டு ஏதோ கெஞ்சினால், "உன்ர தம்பியை முடிச்சதும் நான்தானடா" என்று எடுத்துவிடுவான். கொமிசார் சுட, அறையே விசிலடிக்கும். கக்கூஸ் கழுவும் முறையிலிருந்து அவன் பெயரைக்கூட எடுத்துவிட்டார்கள். அந்த மரியாதையை விட யாருக்குத்தான் மனம் வரும்?

தை மாதம் நாகமுத்தர் தலையில் இடி விழுந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் காத்திருக்கும் மனிதர். அகதி விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதம் அவர் கைக்கு வரவே இல்லை. டெர்மின் என்ற அந்தத் தவணை தவறியது. கேஸைத் தள்ளிவிட்டோம் என்ற கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது. அதையும் வக்கீல்தான் வாசித்துச் சொன்னார்; அரசாங்கக் கந்தோர் ஜெர்மன் வேறு என்று ரகுநாதன் நழுவிவிட்டான். கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பவர், விடுதியிலேயே குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் கிழவர்; ஒளித்தது அவர்தான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

"பொலிசுக்குப் போனா எங்களையோ நம்புவாங்கள்?" என்றார் அவரோடு அறையில் இருந்த இராசலிங்கம். அதற்குமேல் ஒருவரும் யோசிக்கவில்லை. வழியைத்தான் கிழமைக்குக் கிழமை பார்த்திருந்தார்களே.

அடுத்த ஞாயிறு, படம் முடிந்த கையோடு எட்டுப் பேர் கீழே இறங்கி, கொதிகலன் அறையில் கிழவரைச் சுற்றி நின்றார்கள். நாகமுத்தர் கையில் கட்டிலிலிருந்து கழற்றிய இரும்பு.

"கேள் தம்பி. என்ர கடிதத்தை ஏன் ஒளிச்சவன் எண்டு கேள்."

கடிதம், ஏன் என்று தெரிந்த இரண்டு ஜெர்மன் சொல்லை ரகுநாதன் சொன்னான். கிழவர் நடுங்கிக்கொண்டு நீளமாகப் பேசினார். மாடியைக் காட்டினார், சுவரைக் காட்டினார், கண்ணைத் துடைத்தார்.

"என்ன சொல்லுறான்?"

எல்லோரும் ரகுநாதன் வாயையே பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கிறார் என்றால் செய்தவர் ஆகிவிடுவார், அடி விழும். நான் இல்லை என்கிறார் என்றால் பொய் என்று அடி விழும். படத்தில் எத்தனை பேரை இந்த வாயால் சாகக் கொடுத்திருக்கிறான்! இது உண்மையான மண்டை.

"எனக்கு விளங்கேல்லை அண்ணை."

"திரும்பக் கேள்."

"கேட்டும் பிரயோசனமில்லை. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஒரு நாளும் தெரியாது."

இராசலிங்கம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நாகமுத்தர் மட்டும் அசையவில்லை.

"அப்ப அந்தக் கொமிசார் சுட்டவங்கள் எல்லாம் என்ன செய்தவங்கள்?"

"தெரியாது அண்ணை. எல்லாம் நான் கட்டிவிட்டது."

நாகமுத்தர் இரும்பைக் கீழே வைத்தார். கிழவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னார். கிழவருக்கு அது விளங்கவில்லை. இன்னும் தன்னை நம்பவில்லை என்று நினைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லத் தொடங்கினார்.