ஒரு வண்டி தள்ளி

கார் ஆலையின் அடுத்த தலைவர் யார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அது அவள்தான் என்று கேன்டீன்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இயக்குநர்கள் மூன்று பேர் காலையிலேயே வந்து இறங்கி, புதுத் தொப்பிகள் பளபளக்க ஆலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கும் அந்தப் பதவி வேண்டும். பெண் என்றால் ஆசையைக்கூட அடக்கி வாசிக்க வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ, அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் சரக்கு இறங்கும் வாசலில் பெட்டி எண்ணும் வேலைக்குச் சேர்ந்தவள். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறேன் என்று கேட்டபோது, "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு" என்றார்கள். ஓட்டிக் காட்டினாள். இன்று உள்ளே வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் வெளியே போகும் ஒவ்வொரு காருக்கும் அவள்தான் பொறுப்பு. மேலே மிச்சம் இருப்பது ஒரே ஒரு படி.

"இன்னிக்கு ஒரு நாளாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று சொல்லித்தான் மாமியார் அவளை அனுப்பி வைத்தார்.

"அந்த வாயாலதாம்மா அவ இவ்ளோ தூரம் வந்திருக்கா" என்றார் கணவர், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதே வாயாலதான் வந்த வழியே திரும்பியும் வருவா."

அந்த வீட்டில் பேச்சில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

பத்தரை மணிக்கு சீட் லாரி பின்பக்கமாக வந்து வாசலில் ஒட்டி நின்றது. சீட்டுகளைச் செய்வது வேறொரு கம்பெனி. பெயிண்ட் முடிந்து எந்தக் காருக்குப் பின்னால் எந்தக் கார் வருகிறது என்ற பட்டியல் அங்கே போகும். அதே வரிசையில் சீட்டுகள் லாரியில் வரும், அதே வரிசையில், கார்கள் நகர்ந்து வரும் லைனுக்குள் போகும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டால் கடைசிவரை கோணல்தானே, இதுவும் அந்தக் கணக்குத்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் படும் லாரியில் கடைசியாக இறங்கும் சீட்டைப் பின்தொடர்ந்து போவாள். அது காருக்குள் ஏறும் முன் குனிந்து, அடியில் ஒட்டிய எண்ணைப் படித்துக் காரின் எண்ணோடு பொருத்திப் பார்ப்பாள். "மேடத்துக்கு கம்ப்யூட்டரே பொய் சொல்லும்னு சந்தேகம்" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று குனிந்தாள். சீட்டில் அறுபத்தொன்று. காரில் அறுபத்திரண்டு.

முந்தின காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று தள்ளி. அதற்கு முந்தினதிலும் அப்படியே.

சீட்டை ஸ்கேன் செய்யும் தொழிலாளி அவளுடைய ஆள்தான். எண் பொருந்தாவிட்டால் அவன் கையிலிருக்கும் கருவி ஊரைக் கூட்டும்.

"ஏன் இது கத்தலை?"

அவன் முகம் வெளுத்தது. "சத்தத்தை அணைச்சு வச்சிருக்கேன்க்கா. சும்மாவே அப்பப்ப கத்தும், விருந்தாளிங்க காதுல விழக்கூடாதுன்னு டார்கெட் சார் சொன்னாரு."

டார்கெட் சார் என்பது தயாரிப்பு மேலாளர். நாலு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை 'டார்கெட்' என்பதால் வந்த பட்டப்பெயர். பதவிக்கு அவளோடு போட்டியில் இருந்தவரும் அவரே. மீதிக் கதையைத் தேடி அவள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெயிண்ட் பகுதியின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் நின்றது. கதவில் கீறல். இயக்குநர்கள் கண்ணில் படக்கூடாது என்று வரிசையிலிருந்து உருவி ஒளித்துவிட்டு, கம்ப்யூட்டரில் பதியாமல் விட்டிருந்தார்கள். பதினெட்டாவது கார். அதன் சீட் பத்தொன்பதில் ஏறியிருந்தது. அதிலிருந்து எல்லாமே ஒரு வண்டி தள்ளி.

நிறம் மாறினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அன்று ஓடியது எல்லாம் கறுப்பு சீட். லைனில் மாறி மாறி வந்த உயரமான காருக்கும் குட்டைக் காருக்கும் சீட்டுக்குள் இருக்கும் ஏர்பேக், அதாவது காற்றுப்பை, வேறு, விரியும் உயரம் வேறு. வயர் மட்டும் ஒன்றேதான். கடைசிச் சோதனையில் இரண்டுக்கும் பச்சை விளக்குதான் எரியும். மோதுகிற அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும், அப்போது தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

லைன் நெடுக தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடியது. தப்பைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும் என்று எழுதியும் இருந்தது. எழுதியிருந்ததே தவிர, யாரும் இழுத்ததில்லை. 'நிற்காத நாட்கள்: 214' என்று பலகை பெருமையடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்றுதான் இயக்குநர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது போய் இழுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நேரே கயிற்றடிக்கு நடந்தாள்.

இழுத்தாள்.

அவ்வளவு பெரிய கூடம் ஒரே நொடியில் வாயடைத்துப் போனது. பலகையில் 214 போய்ப் பூஜ்யம் வந்தது.

ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி அறைக்குள் எல்லோரும் கூடிவிட்டார்கள். தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெறப்போகும் பெரிய சார், டார்கெட், இயக்குநர்கள், கதவோரத்தில் ஒன்றும் புரியாமல் சீட் லாரி டிரைவர். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"லைன் ஓடட்டும், கடைசியில பாத்துக்கலாம்" என்றார் டார்கெட்.

"கடைசியில பச்சை விளக்குதான் எரியும். எதைப் பாப்பீங்க?"

பெரிய சார் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். லாரியில் ஏற்றும்போதே வரிசை மாறிவிட்டது என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போடும்மா. தப்பு சீட் கம்பெனி மேல போயிடும். சாயங்காலம் உன் பேரைத்தான் சொல்லப்போறோம். இருபத்து மூணு வருஷ உழைப்பு, யோசிச்சுக்கோ."

டிரைவர் பதறிப் போனார். "நான் ஒழுங்காத்தான் கொண்டாந்தேன் மேடம். சத்தியமா."

"தெரியும்ணே. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அவள் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். காரை உருவியது தயாரிப்புப் பகுதி. ஸ்கேனர் சத்தத்தை அணைத்தது என் பகுதி, அதற்குப் பொறுப்பு நான். நாற்பத்து நான்கு கார்களிலும் சீட்டைக் கழற்றி மாற்றும்வரை ஒன்றுகூட வாசலைத் தாண்டாது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"உன் தலையில நீயே மண்ணைப் போட்டுக்கறியேம்மா" என்றார் பெரிய சார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"என் தலைதானே சார். வாங்கிட்டுப் போறவங்க தலையில போடலையே."

சீட்டுகளைக் கழற்றி மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆறு மணி ஆயிற்று. அவளும் கையுறை மாட்டிக்கொண்டு கூடவே நின்றாள். ஆறேகாலுக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். புதிய தலைவர், டார்கெட்.

வலித்தது. கழிப்பறைக்குள் போய் இரண்டு நிமிஷம் அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தகுதியில்லாமல் தோற்றிருந்தால் ஆறிப்போயிருக்கும், இது ஆறாது.

வெளியே டார்கெட் காத்திருந்தார். கையில் அவருடைய முதல் உத்தரவு. லைன் கயிற்றை இனி அவருடைய அனுமதி இல்லாமல் யாரும் இழுக்கக்கூடாது. சுற்றிலும் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியவர்கள் கிளம்பாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்க ஆளுங்களுக்கும் சொல்லிடுங்க மேடம்" என்றார் அவர். "இனிமே என்னைக் கேட்டுட்டுத்தான் இழுக்கணும்."

அவள் முழுவதும் படித்துவிட்டு அந்தத் தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கும் தப்பு வந்தா, நாளைக்கும் இழுப்பேன் சார். இழுத்துட்டு, உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன்."